மண்ணெண்ணெய்க்கு மார்கழியும் குளிர்தான்

எண்ணூரிலிருந்து காசிமேடு வரையுள்ள குப்பங்களில் மார்கழி பிறந்துவிட்டால் ஒரே புகார் திரும்பத் திரும்பக் காதில் விழும். புதிதாக வாங்கிய 9.9 குதிரைத்திறன் படகு மோட்டார், விடியற்காலையில் தோள் கழன்றுபோகும் அளவுக்குக் கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. அதே மோட்டார் வெயில் ஏறிய பிறகு இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒருவர் சொல்வார். மோட்டாருக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார் இன்னொருவர். சென்னையில் அடிப்பதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பவர்களும் உண்டு. அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஜனவரி மாத விடியலில்கூட இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரி அளவில்தான் நிற்கும். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைந்தது 13.9 டிகிரி. உறைபனி விழும் நாடுகளில் இதை வசந்த காலம் என்பார்கள்.

ஆனாலும் புகார் பொய்யில்லை. படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: குளிரா இல்லையா என்பதை நம் தோலை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, மோட்டாருக்குள் இருக்கும் எரிபொருளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை, பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் வெளிவிடும். மண்ணெண்ணெய் அப்படியில்லை; அதற்குக் குறைந்தது 35 டிகிரியாவது வேண்டும். ஆகவே பெட்ரோல் கணக்கில் பார்த்தால் சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மண்ணெண்ணெய் கணக்கில் பார்த்தால், சூடேறாத இன்ஜினுக்கு இங்கே ஆண்டு முழுவதும் விடியற்காலை குளிர்தான், மார்கழியிலும் தையிலும் அது நம் கைக்கு உறைக்கும்படி வெளியே தெரிகிறது, அவ்வளவே.

நம் பக்கத்து ஃபைபர் படகுகளில் பூட்டப்படும் மோட்டார்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதால்தான் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறேன். இந்த மோட்டார்களைச் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் சின்னதாக ஒரு பெட்ரோல் டாங்கை இணைப்பதற்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கும் தனியாக ஒரு காக், அதாவது திருப்பும் அடைப்பான், வைத்திருக்கிறார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை திரும்பி நிறுத்துவதற்கு முன்பு மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கியிருக்கும் மண்ணெண்ணெய் முழுவதும் எரிந்து தீர்ந்த பின்தான் நிறுத்த வேண்டும். முதல் பாதியை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாம் பாதி விட்டுப்போகிறது. வலையை இறக்க வேண்டும், மீனை ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஐஸுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் பட்டனை அழுத்தி அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் விடியலில் மோட்டார் எழ மறுப்பது முந்தின நாளே முடிவான விஷயம்.

திருவொற்றியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் சென்ற தை மாதம் புது மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். வாரன்டியில் மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டான்.

“நேத்து கரைக்கு வரும்போது எதுல நிறுத்தின தம்பி?”

“கிருஷ்ணாயில்லதாண்ணா. அப்படியே ஆஃப் பண்ணிட்டேன்.”

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வடிந்ததை அவனுடைய உள்ளங்கையிலேயே நான்கு சொட்டு விடச் சொன்னேன். வடிவது பெட்ரோலாக இருந்தால் உள்ளங்கை சில்லென்று ஆகும், சிறிது நேரத்தில் பெட்ரோல் பறந்துபோய், அதில் கலந்திருந்த டூ ஸ்ட்ரோக் ஆயிலின் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். அவன் கையில் விழுந்தது குளிரவும் இல்லை, காயவும் இல்லை; ரேகைகளுக்கிடையே அப்படியே தேங்கி நின்றது. கிண்ணத்தை முழுதாக வடித்து, பெட்ரோலை ஏற்றி, பீப்பாய்த் தண்ணீரில் இறக்கிக் கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. கடைக்காரரிடம் பேச வேண்டிய தேவை எழவில்லை.

இனி ஸ்டார்ட் செய்யும் முறை. புதிதாக மோட்டார் வாங்கியவர்கள் கையேட்டைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள் என்பதால், தெரிந்த விஷயம் என்று சிலருக்குத் தோன்றினாலும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். டாங்க் மூடியின் மேலிருக்கும் காற்றுத் திருகை இரண்டு மூன்று சுற்று திறக்க வேண்டும். அது மூடியிருந்தால் மோட்டார் ஸ்டார்ட் ஆகி, முகத்துவாரத்தைத் தாண்டும் நேரம் பார்த்து மூச்சு முட்டி நின்றுவிடும். எரிபொருள் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பை, அதன் மீதுள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, கல் போல இறுகும் வரை அமுக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, நிறுத்து பட்டனோடு சேர்ந்த பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் என்று என்னிடம் வந்தவற்றில் சிலவற்றுக்கு அந்தக் கிளிப்பை மாட்டியதைத் தவிர வேறு வைத்தியம் எதுவும் நான் செய்ததில்லை. பிறகு கைப்பிடியில் எழுதியிருக்கும் ஸ்டார்ட் குறிக்கு ஆக்சிலேட்டரைத் திருப்பி, காற்றைக் குறைக்கும் சோக்கை முழுதாக வெளியே இழுக்க வேண்டும்.

கயிறு இழுப்பதில்தான் நிதானம் தேவை. முதலில் மெதுவாக இழுத்தால், உள்ளே பற்கள் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் தடுக்கும். அந்தத் தடுப்பு கைக்குத் தெரிந்த பிறகு, அங்கிருந்து ஒரே வீச்சில் நேராக இழுக்க வேண்டும். தடுப்பு தெரிவதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்தால் அடி முழுவதும் பற்களின் மீது விழும். இழுத்த பிறகு கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல், கயிறு சுருண்டு உள்ளே போகும்போது கையும் கூடவே போக வேண்டும். மோட்டார் ஒருமுறை இருமிப் பிடித்துக்கொண்டதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, ஓட்டம் சீரானதும் முழுதாகத் தள்ளிவிட வேண்டும். சூடாக இருக்கும் மோட்டாருக்கு, அதாவது நடுக்கடலில் வலையை இழுத்து முடித்து மறுபடியும் ஸ்டார்ட் செய்யும்போது, சோக் வேண்டவே வேண்டாம்.

சோக்கை இழுத்துவைத்துக்கொண்டே மேலும் மேலும் கயிறு இழுத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி, தீப்பொறி தரும் பிளக் நனைந்துவிடும். மோட்டாரின் மூடியைத் திறந்ததும் வரும் பெட்ரோல் வாடையிலேயே இது தெரிந்துவிடும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து சில முறை இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிடித்துக்கொண்ட மறுகணம் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நாலைந்து முறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் சாரலாகத் தெறிக்கும் என்பதால் பக்கத்தில் பீடி புகைப்பவர் யாராக இருந்தாலும், பெரியப்பாவாகவே இருந்தாலும், எழுந்து தள்ளிப் போகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது, மோட்டாரின் பின்புறத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதைத்தான். அது வரவில்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். வந்தாலும் உடனே கிளம்பக் கூடாது. குறைந்தது மூன்று நிமிடமாவது மெல்லிய ஓட்டத்தில் விட வேண்டும். காரணத்தைச் சொன்னால்தான் அந்த மூன்று நிமிடம் பொறுக்க மனம் வரும் என்பதால் சொல்கிறேன். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது, தீ நேரடியாக அதன் தலையில்தான் எரிகிறது, ஆகவே அது நொடிகளில் சூடேறி விரியும். சிலிண்டரையோ வெளியிலிருந்து கடல்நீர் சுற்றிச் சுற்றிக் குளிர்வித்துக்கொண்டிருப்பதால் அது மெல்லத்தான் விரியும். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த எடுப்பிலேயே ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால், விரிந்துவிட்ட பிஸ்டன் இன்னும் விரியாத சிலிண்டருக்குள் இடமில்லாமல் உரசிக் கீறிக்கொள்ளும், சில சமயம் அப்படியே சிக்கி நின்றுவிடும். புது மோட்டாரில் இடைவெளிகள் இறுக்கமாகவும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இன்னும் சிலிண்டர் சுவரோடு படிந்து பழகாமலும் இருப்பதால், ஆபத்து இரட்டிப்பு. தெர்மோஸ்டாட் உள்ள மாடல்களில் இன்ஜின் 50, 60 டிகிரியை எட்டும் வரை அது தண்ணீரின் சுற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திச் சூடேற உதவும் என்றாலும், அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

அலை மேலேயே படகைத் தள்ளி இறங்கும் குப்பங்களில் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். அலையைத் தாண்டுவதற்கே முழு வேகம் வேண்டும். மணலில் வைத்தே சூடேற்றலாம் என்றால், தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் தண்ணீரை இழுக்கும் பம்ப்பின் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் நொடிகளில் கருகிவிடும். உண்மைதான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்லைக் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவு என்ற தடுப்புச் சுவர்களுக்குள் தண்ணீர் ஓரளவு அமைதியாக இருக்கும் இடங்களில், அந்த மூன்று நிமிடத்தை வளைவுக்குள்ளேயே ஓட்டிவிட்டு வெளியே போவது நல்லது. அப்படி வசதியில்லாத இடத்தில், மோட்டாரின் கீழ்ப்பகுதி மூழ்கும் ஆழத்துக்குப் படகு வந்ததும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் மோட்டாரை இறக்கிச் சூடேற்றும் வழக்கம் உண்டு. புரொப்பல்லர் மணலில் பாயாமலும், கியர் நியூட்ரலை விட்டு நகராமலும் பார்த்துக்கொள்ளும் கவனமுள்ளவர்கள் மட்டும் அதைச் செய்யலாம்.

முதல் 10 மணி நேர ஓட்டம்தான் மோட்டாரின் ஆயுளை நிர்ணயிக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முதல் ஒரு மணி நேரம் பாதி வேகத்தைத் தாண்டாமலும், அடுத்த மணி நேரத்தில் முக்கால் வேகம் வரையிலும், அதன் பிறகு மீதி நேரத்தில் முழு வேகத்தை ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் நிலைநிறுத்தாமல் கூட்டிக் குறைத்தும் ஓட்ட வேண்டும். இந்த நேரத்தை முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டிவிடும்படிதான் நான் சொல்வது வழக்கம். செலவு கூடுதல்தான், கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். எரிபொருளோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் பலவற்றுக்கு இந்தக் காலத்தில் 25 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. பிறகு 50 லிட்டருக்கு ஒரு லிட்டர், லிட்டருக்கு 20 மில்லி. கண் அளவுக்கு ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். குளிர்ந்த நேரத்தில் ஆயில் கெட்டியாக இருந்து அடியில் தங்கிவிடும் என்பதால், முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கி, அதன் மேல் மீதிப் பெட்ரோல் என்ற வரிசையே சரி. மோட்டார் பைக்குக்கு விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் விலை குறைவு என்று அதை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று குறித்திருக்கும் ஆயில்தான் வேண்டும். தண்ணீரால் குளிர்விக்கப்பட்டு, மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும் இன்ஜினுக்காகச் சாம்பல் விடாமல் எரியும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. பைக் ஆயிலின் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்துவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் சிறு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கலவைத் தொல்லை இல்லை. 10டபிள்யூ-30 ஆயில் இங்கத்திய விடியலுக்குத் தாராளமாகப் போதும். முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

மார்கழிப் பனியின் உண்மையான தொல்லை ஈரம்தான். பாதி காலியாக இருக்கும் டாங்க்கில் இரவுக் குளிருக்கு நீர் வியர்த்து, உட்சுவரில் வழிந்து அடியில் சேரும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், குளிர் கூடக்கூட இந்தப் பிரிவு இன்னும் சுலபமாக நடக்கும். ஆகவே மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் அவ்வப்போது தேவைக்கு வாங்குவதும், டாங்க்கை நிறைத்து வைப்பதும், கண்ணாடிக் குமிழுள்ள ஃபில்டர் ஒன்றைக் குழாயில் பொருத்திக் காலையில் ஒரு பார்வை பார்ப்பதும் வீண் போகாது.

எண்ணூர்க் கழிமுகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் சேர்ந்து தூர்ந்த இடங்களில் மோட்டார் தண்ணீரோடு சேற்றையும் சாம்பலையும் இழுக்கும். அது இம்பெல்லரை உப்புத்தாள் போட்டதுபோலத் தேய்த்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தபோது படகும் வலையும் கறுத்துப்போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலிலிருந்து வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பையும் சேற்றையும் கழுவுவது புது மோட்டாருக்குச் செய்யும் முதல் உபசாரம். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் மோட்டாருக்குத் தண்ணீரா என்று அம்மாவோ அண்ணியோ கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். ஒரு பீப்பாயில், புரொப்பல்லருக்கு மேலிருக்கும் தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, அதையே மூன்று நான்கு நாள் பயன்படுத்தி மாற்றினால் போதும். உப்புக் கரிக்கத் தொடங்கும் வரை அது கழுவும் தண்ணீர்தான்.

உறையும் குளிர் உள்ள இடங்களுக்கு வேறு விதிகள். கனடாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் ஏரியில் தூண்டில் போடச் சிறு மோட்டார் ஒன்று வாங்கியிருக்கிறார். அவரிடம் நான் முதலில் சொன்னது, மோட்டாரைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்தி, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுதும் வடியவிட வேண்டும் என்பதை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு பருக்கும், இரும்போ அலுமினியமோ அதற்கு இடம்விடாது, வெடித்துவிடும். பம்ப்பில் பனிக்கட்டி இருக்கும் நிலையில் கயிறு இழுத்தால் இம்பெல்லரின் இதழ்கள் முறிந்துபோகும். ஆகவே கீழ்ப்பகுதியைச் சிறிது நேரம் ஏரித் தண்ணீரில் இறக்கி வைத்து, பனி கரைந்த பிறகே இழுக்க வேண்டும். நம் ஊரில் இந்தக் கவலை ஊட்டி ஏரிப் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் வரலாம்.

கியர் ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதல் 20 மணி நேரம் ஓடியதும் இதையும் மாற்ற வேண்டும். கீழ்த் திருகை முதலில் திறந்து, அதன் பிறகு மேல் திருகைத் திறந்தால் எண்ணெய் தானாக வடியும். நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூட வேண்டும். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். காந்தமுள்ள திருகின் நுனியில் மயிரிழை போன்ற இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் முதல் முறை அது இயல்பே. நகக்கண் அளவுக்குத் துண்டு இருந்தால் இயல்பில்லை. வடிந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட நைலான் நரம்பு, ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை அறுத்திருக்கும். புரொப்பல்லரைக் கழற்றி நரம்பை எடுத்துவிட்டு, அந்த ஆயில் சீலை மாற்றும் வரை அந்த மோட்டாரைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நரம்பு எதுவும் இல்லாமல் எண்ணெய் மட்டும் வெளுத்திருந்தால், வடித்த எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, வாரன்டி காலத்துக்குள்ளேயே வாங்கிய கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.